ஊதாமலே உப்பிய கன்னம்

நேப்பிள்ஸ் அரங்கில் சோக நாடகத்துக்கு இடைவேளை. திரைக்குப் பின்னே காட்சி மாற்றும் தச்சர்களின் சுத்தியல் ஓயும்வரை, திரைக்கு முன்னே பாடிச் சிரிக்கவைப்பது ஓனோஃப்ரியோவின் பிழைப்பு. கன்னத்தை ஊதிக் கோணங்கித்தனம் காட்டுவதால் இவனைப் போன்ற சிரிப்புப் பாடகர்களுக்கு ‘பூஃபோ’, அதாவது ஊதுகிறவன், என்றே பெயர். இன்று அவன் ஊதவே இல்லை. கடைவாய்ப் பல் சீழ்வைத்து இடது கன்னம் தானாகவே வீங்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பளபளக்கிறது. அதைப் பார்த்தே சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. “அறையிற கட்டத்தை விட்டுரு தாயி, உசுரே போவுது,” என்று முனகுகிறான். “அதைப் பாக்கத்தானே அண்ணே வந்திருக்காங்க,” என்கிறாள் கூடப் பாடும் செலஸ்தே, சிரித்த முகம் மாறாமல். மெல்லத்தான் அறைகிறாள். அவன் அலறுகிறான். சபை கைதட்டி ஓய்வதற்குள் சுத்தியலும் ஓய்ந்துவிடுகிறது. அப்பாடா என்று திரைப்பக்கம் திரும்புகிறான். “இன்னொரு தடவை! அந்த அறையை இன்னொரு தடவை!” என்று மாடங்களில் காலால் தரையை உதைக்கிறார்கள். செலஸ்தே கண் கலங்கக் கையை ஓங்குகிறாள்.