அம்பு காட்டும் பக்கம்

"அம்மா, நில்லுங்க! அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுது, நீங்க எந்தப் பக்கம் ஓடறீங்க?"

பச்சைச் சட்டை போட்ட அம்மாள் நின்றார். கால் மட்டும் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு சுத்து தம்பி. விட்டுடுங்க."

"இதையேதான் நேத்தும் சொன்னீங்க."

"நேத்து சொன்னது நேத்துச் சுத்துக்கு."

காவலாளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை.

காட்டுப் பூங்காவுக்குள் மூன்று கிலோமீட்டர் வட்டப் பாதை. ஓடுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் அது ஒன்றுதான். மரங்கள் மறைக்கும் வளைவுகளில், எதிரே ஆள் வருவது மூக்கோடு மூக்கு முட்டிய பிறகுதான் தெரியும். அதனால் எல்லாரும் ஒரே திசையில் போகவேண்டும் என்று விதி.

வாசலில் இருக்கும் புகார்ப் புத்தகத்தில், அந்த அம்மாளைப் பற்றித் தொடர்ந்து ஏழு நாளாகப் புகார். எல்லாம் ஒரே கையெழுத்து. முதல் நாள் 'தயவுசெய்து கவனிக்கவும்' என்று மரியாதையாக ஆரம்பித்த கை, நேற்று 'காவலாளி இருக்கிறாரா, அல்லது அவரும் மான் பார்க்கப் போய்விட்டாரா?' என்று கேட்டிருந்தது. கீழே பெயர் இல்லை. 'ஓடுகிறவர்களில் ஒருவன்' என்று மட்டும்.

அதை அதிகாரி படித்துவிட்டார்.

"இன்னைக்கு அந்தம்மா திசை திரும்பணும். இல்லன்னா பாஸை வாங்கிடு. ரெண்டும் முடியலன்னா, உன் வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்தி நான் யோசிக்கணும்."

வேலை நிரந்தரமாக இன்னும் நாலே மாதம்.

"பாஸைக் குடுங்க!" கறாராகச் சொல்லவேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். இருந்தும் பாதியிலேயே குரல் குழைந்துவிட்டது. "குடுங்கம்மா."

குதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. கழுத்தில் தொங்கிய பாஸைக் கழற்றி அவன் கையில் வைத்தார்.

"பாஸை மட்டும் எடுத்துக்காதீங்க தம்பி. என் வீட்டுக்காரரும் இங்கேதான் ஓடறார். ஆறு மாசத்துக்கு முன்னாடி நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணியிருக்கு. மெதுவா ஓடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குத்தான் மனசு கேக்கல."

"அப்போ கூடவே ஓட வேண்டியதுதானே?"

"முதல் நாள் பின்னாலேயே ஓடினேன். நடுப் பாதையில நின்னு, 'நர்ஸ் மாதிரி என் கூட வராதே!'ன்னு அவ்வளவு பேர் முன்னாடி கத்தினார். அவர் பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்தான்."

"அதுக்காக எதிரா ஓடணுமா?"

"பின்னால ஓடினா முதுகுதானே தெரியும்? முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடிக்கறது? எதிர்ல ஓடினா சுத்துக்கு ரெண்டு தடவை முகத்தைப் பார்த்துடலாம். மூச்சு வாங்குதா, உதடு வெளுத்திருக்கா, எல்லாம் தெரிஞ்சுடும்."

காவலாளி வாங்கிய பாஸைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் பையில் போடவும் முடியாமல் நின்றான்.

"அவர்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"முட்டி வலி, அந்தப் பக்க ஏத்தம் எனக்கு ஒத்துக்கலன்னு."

"நம்பிட்டாரா?"

"அவரா? நான் எதைச் சொன்னாலும் நம்பற அப்பாவி!" என்று சிரித்தவர், சட்டென்று முகம் மாறிக் கேட்டார். "எந்த வேலையத்தவன் தம்பி இப்படி உட்கார்ந்து எழுதறது?"

"தெரியலம்மா. கையில மட்டும் சிக்கட்டும், நானே நாலு வார்த்தை கேக்கறேன்."

அப்போது வளைவில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. அம்மாள் முதலில் அவருடைய உதட்டைப் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

சிவப்புத் தொப்பிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார். காவலாளி கையில் பாஸைப் பார்த்தார். முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"என்ன, மாட்டிக்கிட்டியா?"

கட்டின மனைவி மாட்டிக்கொண்டதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமா? காவலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அவங்க எதுக்காக..."

"எதுக்காக இருந்தா என்ன தம்பி? சட்டம்னா சட்டம்தான். அம்பு காட்டற பக்கம்தான் ஓடணும்."

"உங்க பின்னாலயா?" என்றார் அம்மாள். "மறுபடியும் நர்ஸுன்னு நீங்க கத்தறதுக்கா?"

"பின்னால எதுக்கு? பக்கத்துல ஓடு. காக்கிச் சட்டையே சொல்லும்போது, வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

காவலாளிக்குத்தான் ஞாபகம் வந்தது. "அம்மா, முட்டி வலி?"

"அது இப்பத் தேவலை!" என்றார் அம்மாள். பாஸை வெடுக்கென்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அம்பு காட்டிய பக்கம் திரும்பிவிட்டார். முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

"நீ மெதுவாப் போயிட்டே இரு. லேஸ் அவுந்துடுச்சு, கட்டிட்டு வரேன்."

சிவப்புத் தொப்பிக்காரர் குனிந்தார். காவலாளியும் பார்த்தான். இரண்டு லேஸும் இறுக்கமாகத்தான் இருந்தன.

"சீக்கிரம் வாங்க!" பத்தடி தள்ளியிருந்து அம்மாளின் குரல்.

"இதோ!" என்று நிமிர்ந்தவர், காவலாளியின் காதருகே வந்து குசுகுசுத்தார்.

"வராதேன்னு கத்தின வாயாலயே வான்னு எப்படித் தம்பி கூப்பிடறது? அதான் ஏழு நாளா உங்க புத்தகத்துல எழுதிட்டிருந்தேன்!"