இரண்டு சாய்ந்த கோடுகள்

கல்குவாரிக் குளத்தில் மாமனாரின் பொம்மை நீர்மூழ்கி முங்கி ஆறு நிமிடம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை ரிமோட்டோடு கரையோரம் அங்கும் இங்கும் ஓடினான்.

ரிமோட்டில் எதை அழுத்தினாலும் பயனில்லை. சிக்னல் எட்டாத ஆழத்துக்கு அது போய்விட்டது.

மாமனார் நான்கு வருடம் உட்கார்ந்து தகடு தகடாக ஒட்டிய கப்பல். ரிமோட்டில் ஆறு கட்டளைக்கு ஆறு சேனலே எனக்குப் போதும் என்றுதான் அவர் சொன்னார். இவன் சும்மா இருந்தானா? நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு ஒன்றை உள்ளே வைத்து, ஒரு சேனலை எட்டாகப் பிரித்து, விளக்கு, ஹாரன், கேமரா என்று அடுக்கினான். இனி எந்தக் கட்டளையும் அந்தச் சில்லு வழியாகத்தான் போகும்.

சிக்னல் போனால் தானாக மேலே வா என்றும் அதன் நிரலில் ஒரு வரி எழுதியிருந்தான். மேஜையில் சோதித்தபோது, ரிமோட்டை அணைத்தாலே, தண்ணீரை வெளியே தள்ளிக் கப்பலை மேலே ஏற்றும் பம்ப் ஓடிக் கத்தித் தொலைத்தது. சனியனே, கொஞ்சம் சும்மா இரு என்று அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்ந்த கோடு போட்டான். கோடு போட்ட வரியைச் சில்லு கண்டுகொள்ளாது.

கோடுகளை எடுக்க மறந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கடைசியாகக் கேட்ட 'முங்கு' என்பதையே பிடித்துக்கொண்டு அது கீழே கிடக்கிறது. பேட்டரி தீர்ந்தால் வால்வு திறந்து, அடைத்த காற்று தண்ணீரைத் தள்ள, தானே மிதந்துவிடும். இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. என் மாப்பிள்ளை கை வைத்தால் தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? பயம். அவர் முகம் சுருங்கிவிடுமே என்ற வெறும் பயம்.

மாமனார் சட்டையைக் கழற்றி, இவன் பக்கத்தில் நின்ற மனைவியிடம், தன் மகளிடம், கொடுத்தார்.

"அடியில இருக்கிற நீர்க்கொடியிலதான் சிக்கியிருக்கு மாப்ள. இல்லன்னா நீங்க எழுதினது அதை மேல கொண்டுவந்திருக்குமே."

இவன் தலையாட்டினான். பாவி, தலையாட்டினான்.

அவர் இரண்டு முறை முங்கி வெறுங்கையோடு எழுந்தார். மூச்சு வாங்கியது. போதும்ப்பா என்று மகள் கரையிலிருந்து கெஞ்சினாள். அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு மூன்றாவது முறை முங்கினார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்குளத்தில் குமிழிகள் பொங்கின. கறுப்பு முதுகோடு நீர்மூழ்கி மேலே வந்தது. அதன் மேல் ஒரு கொடிகூட இல்லை.

அப்பாதான் விடுவித்துவிட்டார் என்று நினைத்து மகள் கைதட்டினாள்.

பேட்டரிதான் தீர்ந்திருக்கிறது என்று இவனுக்குத் தெரியும்.

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல நிறுத்தினாள். தண்ணீரில் நீர்மூழ்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இவன் ரிமோட்டைப் போட்டுவிட்டுச் செருப்போடு குளத்துக்குள் ஓடினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினான்.

"அது சிக்கவே இல்ல மாமா."