அங்கி அறைக் கதவு

இதை எனக்குச் சொன்னது என் சம்பந்தியம்மா. போன மாதம், பேரப்பிள்ளை பிறப்பதற்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் இருவரும் காத்திருந்தபோது சொன்னார். ஜெபித்து ஜெபித்து இரண்டு பேருக்கும் நாக்கு வறண்டுபோயிருந்த நேரம்.

"ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரு அக்கா. சபையில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. முகத்துக்கு நேரே 'அம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சி.ஐ.டி. அக்கா'.

அந்தச் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்திருந்தார். வந்து சில வாரம்கூட ஆகவில்லை, அக்கா தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த பாஸ்டர்கிட்ட ஏதோ இருக்குடி."

"என்னக்கா இருக்கு?"

"பிரசங்கத்துக்கு முன்னாடி ஒரு பாட்டு பாடுறோமே, அப்போ அவர் எங்க போறார்?"

"அங்கி மாத்துற அறைக்கு. ஜெபம் பண்ண."

"ஜெபம் பண்ண எதுக்குக் கதவைத் தாழ் போடணும்? எதுக்குக் குழாயைத் திறந்து விடணும்? வெளிய வரும்போது கண்ணு ஏன் செவந்திருக்கு? கிட்டப் போனா பெப்பர்மிண்ட் வாசனை. சம்சாரம் வேற கதவு முன்னாடி காவல். கையில ஒரு பை, பையில ஒரு பாட்டில்."

"குடிக்கிறார்ங்கிறியா? சேச்சே. ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையேக்கா."

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னுதான் இருக்கும்."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அக்கா முதல் வரிசையில், பிரசங்க பீடத்துக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார். தங்கையையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

போதகர் பீடத்தில் ஏறுவார். அதன் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வார். முதல் வார்த்தை வெளியே வர நேரமாகும்.

அக்கா அவர் முகத்தையே பார்ப்பார். பிறகு மெல்லத் தலையை ஆட்டுவார். ம்... ம்... ம்...

"உள்ள போயிருக்குடி" என்று தங்கையின் காதில் சொல்வார்.

ஒரு ஞாயிறு, புதுப் போதகரின் பிரசங்கத்தைக் கேட்பதற்கென்றே பேராயர் வந்தார்.

"இன்னிக்கு விடமாட்டேன். கையும் களவுமாப் பிடிச்சு பிஷப் முன்னாடி நிறுத்துறேன். அங்கியைக் கழட்டி வச்சிட்டுப் போகட்டும்."

"சின்னச் சின்னப் பிள்ளைங்கக்கா அவருக்கு. இருக்கிற வீடும் சபை வீடு."

"அது பாட்டிலைத் திறக்கும்போது தெரிஞ்சிருக்கணும்."

பாட்டு தொடங்கியதும் அக்கா எழுந்தார். தங்கையும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார். கதவருகே இன்று காவல் இல்லை. உள்ளே குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. தாழ் சரியாக விழவில்லைபோல. அக்கா ஒரே தள்ளாகத் தள்ளினார்.

போதகர் கைகழுவும் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, இன்னொரு கையால் அங்கி நனையாமல் பிடித்திருந்தார்.

அக்கா அசரவில்லை. பாட்டிலை எடுத்து முகர்ந்தார். அதுவும் போதாமல் ஒரு சொட்டை நாக்கில் விட்டும் பார்த்தார்.

உப்புப் போட்ட வெந்நீர். வாய் கொப்பளிக்க.

"உடம்புக்கு முடியலையா பாஸ்டர்?"

போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. பயம்."

"என்ன பயம்?"

"இன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமோன்னு."

"எது தெரிஞ்சிடும்?" அக்காவின் குரலில் சி.ஐ.டி. மறுபடியும் எட்டிப் பார்த்தது.

"நான் இதுக்கு ஆள் இல்லைன்னு. ஆண்டவர் என் பக்கத்துல நின்ன வேற யாரையோ கூப்பிட்டிருக்கார், நான் முந்திக்கிட்டு எழுந்து வந்துட்டேன்னு தோணும். ஒவ்வொரு வாரமும் தோணும். வயித்தைக் கலக்கிடும்."

"இன்னிக்கு ரொம்ப அதிகம்மா" என்றார் மனைவி. "இங்க வந்த புதுசுல, ஊழியத்தையே விட்டுடலாம்னு இருந்தார். உங்களைப் பார்த்த பிறகுதான் இருந்து பார்ப்போம்னார்."

"என்னையா?"

போதகர் வெட்கத்தோடு சிரித்தார். "முன்னாடி உட்கார்ந்து தலையை ஆட்டுவீங்களேம்மா. 'பேசுப்பா, பேசு'ன்னு சொல்ற மாதிரி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முதல் வார்த்தையே வரும். யுத்தத்துல மோசே தூக்கின கை தளராம இருக்க, அதைத் தாங்க ரெண்டு பேர் தேவைப்பட்டாங்க. எனக்கு உங்க ஒரு தலை போதும்."

"எங்க அக்கா தலைகுனிஞ்சு இடத்துக்குத் திரும்பி நான் பார்த்தது அன்னிக்கு மட்டும்தான்" என்றார் சம்பந்தியம்மா.

பாட்டு முடிந்தது. போதகர் பீடத்தில் ஏறினார். விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதல் வரிசையைப் பார்த்தார்.

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

போதகரின் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். பேராயர் திரும்பிப் பார்த்தார்.

சம்பந்தியம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

"அக்கா. ஆட்டுக்கா."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். போதகரின் முகத்தை நேராகப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினார்.

போதகர் பேச ஆரம்பித்தார்.

நீங்களும் வருகிற ஞாயிறு உங்கள் சபையில் கடைசி வரிசையில் இடம் தேடாமல், கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்களேன்.