மலையேற வாங்கிய ஷூ

சுற்றுலாக் குழுவோடு வெளிநாட்டு மலை ஏறக் கிளம்பினார் குமரகுரு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ரப்பர் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டார்.

காலில் இருந்த புது ஷூ செருப்பைப் பார்த்துச் சிரித்தது. "நீ பாத்ரூமோட நில்லு. மலையை நான் பார்த்துக்கறேன்."

முதல் திருப்பத்திலேயே ஷூ அவர் குதிகாலைக் கடித்துவிட்டது. அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுச் செருப்போடு ஏறினார். சேறும் சரளையும் மிதித்து, இரண்டு ஓடை தாண்டி, செருப்பு அவரை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியது.

"குரூப் போட்டோ!" என்று யாரோ கத்தினார்கள். குமரகுரு அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடினார். சேறு அப்பிய செருப்பு கேமராவுக்குப் பின்னால் கிடந்தது.

படம் எடுத்ததும் ஷூ மறுபடியும் பைக்குள் போனது. போகிற போக்கில் செருப்பிடம் மெல்லக் கேட்டது:

"அண்ணே, வழியெல்லாம் எப்படி இருந்துச்சு? ஊர்ல போய்ச் சொல்லணும்ல."