பத்து எம்எம்

மரை பிய்ந்த உள்தாழ்ப்பாளைப் பேச்சி மறுபடியும் அண்ணன் தனுஷ்கோடியின் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் வெளியிலிருந்து கதவை உதைத்து அதைப் பிய்ப்பது இது மூன்றாம் முறை. முதலில் ஆறு எம்எம் திருகு, அப்புறம் எட்டு. தனுஷ்கோடி இப்போது ஓட்டையைப் பத்துக்குப் பெரிதாக்கி, எண்ணெய் விட்டு, மரை வெட்டும் டேப்பை இறக்கினான். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். இரும்புத் துருவல் உதிர்ந்தது. தங்கையின் கிழிந்த உதட்டை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதுக்கு மேல பெருசு போட இதுல இடமில்ல பேச்சி. கொஞ்சம் அனுசரிச்சுப் போ. இல்லேன்னா புதுத் தாழ்ப்பா வாங்கிக்க."

"உன் வீட்டுத் தாழ்ப்பா மாதிரி எங்க கிடைக்கும்ணே? அன்னைக்கு ராத்திரி ஓடிவந்து அவ்வளவு நேரம் தட்டினேன், அசையவே இல்லையே."

மரை வெட்டி முடிந்திருந்தது. தனுஷ்கோடி டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.