கோணல் சொண்டு

“உந்தப் பென்குயினுக்கு என்ன, பாரிசவாதம் அடிச்சதோ?”

சிவரூபி கேட்டதும் வேலணைக் கணினி நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பவதாரணி மட்டும் சிரிக்கவில்லை.

மேசையில் பதாகை விரிந்து கிடந்தது. அடுத்த நாள் ஊர்காவற்றுறையில் வர்த்தகக் கண்காட்சி. கடைக்காரருக்கென்று அவர்கள் குழுவாகச் சேர்ந்து தமிழில் செய்த கணக்கு மென்பொருளை அங்கே வைக்கப்போகிறார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். ஒரு சதமும் இல்லை.

“களவும் வேண்டாம், காசும் வேண்டாம்.” பதாகையில் இருந்த அந்த வாசகம் பவதாரணியுடையது. வள்ளத்தில் நின்று கையசைக்கும் பென்குயினும் அவள் கீறியதுதான். வெறும் எழுத்தே போதும் என்று குழுவில் இருந்த கணித வாத்தியார் டிலோன் சொல்லிப் பார்த்தான். அவன் பேச்சு அன்றைக்கு எடுபடவில்லை.

படத்தை அச்சகத்துக்கு அனுப்பும் வேலையை அவனிடமே விட்டது பிழையாய்ப் போயிற்று.

“உதைப்பற்றித் தனியக் கொஞ்சம் கதைக்கவேணும், பவதாரணி” என்று வந்தான்.

“கதைக்க ஒண்டுமில்லை. அனுப்பும்” என்று அவள் வெட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு இழுத்தடித்தான். கேட்டபோதெல்லாம் “அனுப்புறன், அனுப்புறன்” என்றான். இப்போது வந்திருப்பது அவள் கீறிய படமே இல்லை. எழுத்துரு வேறு. வள்ளம் பூசணிக்காய் மாதிரி ஊதியிருந்தது. பென்குயினின் சொண்டு ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு நின்றது.

“டிலோன், நான் உம்மை அனுப்பச் சொன்னனானோ, மாத்தச் சொன்னனானோ?”

“உங்கட படத்தைப் பாத்துத்தான் செய்தனான்.”

“ஏன் பாத்துச் செய்யவேணும்? கையில இருந்ததை அனுப்ப ஏலாதோ?”

டிலோன் ஒருதரம் சுற்றிப் பார்த்தான். குழு முழுவதும் இருந்தது.

“என்ர பிழைதான். விடுங்கோ.”

“பொறாமை எண்டு சொல்லும். உம்மட யோசினையை எடுக்கேல்லை எண்ட எரிச்சல்.”

“அப்பிடியெண்டே வையுங்கோ” என்று பதாகையைச் சுருட்டினான்.

“டிலோன் சேர் படிப்பிக்கிற பிள்ளையள் வட்டத்தை எப்பிடிக் கீறுங்களோ” என்றாள் சிவரூபி. மறுபடியும் சிரிப்பு.

பவதாரணி பயந்தது செல்வரத்தினத்தாரை நினைத்துத்தான். காலி நகரில் கடை வைத்திருந்துவிட்டு வந்து, இப்போது புளியங்கூடலில் வியாபாரம் செய்கிறவர். வர்த்தகர் சங்கத் தலைவர். அவர் தலையாட்டினால் தீவில் எல்லாக் கடைக்காரரும் தலையாட்டுவார்கள். கண்காட்சியில் ஸ்டோல் எப்படி அமைப்பது என்று கூடிக் கதைத்த அன்றே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“சும்மா குடுக்கிற சாமானில எங்கையோ ஒரு ஓட்டை இருக்கும், பிள்ளை. நான் வந்து பாப்பன். கண்டுபிடிச்சனெண்டால் ஒரு கடைக்குள்ளையும் உதை விடமாட்டன்.”

கண்காட்சியில் பவதாரணி டிலோனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஸ்டோலின் பின்மூலையில் ஒரு கதிரையைப் போட்டு, பழைய கணினியொன்றையும் கொடுத்து உட்கார்த்திவிட்டாள்.

செல்வரத்தினத்தார் வந்தார். அவள் மென்பொருளை ஓட்டிக் காட்டினாள். சரக்கு வரவு, விற்பனை, கையிருப்பு. அவர் துருவித் துருவிக் கேட்டார். அவளும் சளைக்காமல் சொன்னாள்.

“வடிவாத்தான் இருக்கு” என்றவர் நிமிர்ந்து பதாகையைப் பார்த்தார். “உதென்ன, காகமோ?”

“பென்குயின், அண்ணை.”

“சொண்டைப் பாத்தால் கள்ளுக் குடிச்ச காகம் மாதிரிக் கிடக்கு.”

அவள் பின்மூலையை முறைத்தாள்.

“களவு சொப்ட்வெயர் பாவிக்காதேங்கோ எண்டு எங்களுக்குச் சொல்லுறியள். நல்லது” என்றார். “அப்ப, உந்தப் படத்தை எதில கீறினனீங்கள்?”

பவதாரணி வாயைத் திறந்தாள்.

தன் மடிகணினியில் அவள் படம் கீறுகிற மென்பொருள் அப்போதுதான் ஞாபகம் வந்தது. படிக்கிற காலத்தில் சிநேகிதி ஒருத்தி பூட்டை உடைத்துப் போட்டுத் தந்தது. காசு கட்டியதே இல்லை. ஊரெல்லாம் அப்படித்தான். அதைக் களவென்று ஒருநாளும் நினைத்ததும் இல்லை.

“இதிலதான், அண்ணை.”

பின்மூலையில் இருந்து குரல் வந்தது. டிலோன் திரையை இந்தப் பக்கம் திருப்பினான். அதே வள்ளம், அதே பென்குயின், ஒவ்வொரு கோடும் தனித்தனியாய். “இதுவும் காசில்லாத, களவில்லாத சொப்ட்வெயர்தான். உங்கட கடை விளம்பரத்தையும் இதில கீறலாம்.”

செல்வரத்தினத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“சொண்டை நிமித்தேலாதோ?”

“நிமித்தலாம். எனக்குத்தான் ஏலாமல் போச்சு. இப்பதான் பழகுறன்.”

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஓட்டை இல்லை, கோணல்தான் கிடக்கு. பறவாயில்லை. முதல்ல என்ர கடைக்குப் போட்டுவிடுங்கோ.”

அவர் போனபிறகு பவதாரணி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்மூலைக்குப் போனாள்.

“நேற்று நான் அப்பிடிப் பேசேக்கை, என்ர படம் களவு சொப்ட்வெயரில கீறினதெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் இருந்தபடியால்தான் சொல்லேல்லை” என்றான் டிலோன்.