முதலில் நான் ஏறிப் பார்க்கிறேன்

“தலைகீழா நிக்கச் சொன்னா முடியாதுன்னு பட்டுனு சொல்லிடுங்க. கூச்சப்படாதீங்க.”

காலையிலிருந்து அவள் கணவரிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் ஒவ்வொரு முறையும் சரி என்றார். யோகா வகுப்பில் முதல் நாள். போகவேண்டியவர் சோபாவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அவள்தான் அறைக்கும் வாசலுக்குமாக அலைந்தாள். பையில் துண்டை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

அவளுக்கு ஏணி செய்யும் தொழிற்சாலையில் வேலை. தயாராகி வரும் ஏணியில் ஏறி, மேல்படியில் நின்று ஒரு குலுக்குக் குலுக்கி, இறங்கி வந்து அவள் தலையாட்டினால்தான் அது கடைக்குப் போகும். அங்கே அவளுக்கு ஏணியம்மா என்றே பெயர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அவர் குளிக்கிற வெந்நீரில் முதலில் அவள் கை படவேண்டும். புது நாற்காலி வந்தால் முதலில் அவள் உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கவேண்டும். அவர் மேல் ஒரு தூசி விழுவதானாலும் முதலில் தன் மேல் விழுந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று நினைப்பவள்.

அப்படிப்பட்டவளுக்கு டாக்டரிடம் முடிவு கேட்க மட்டும் தைரியம் கிடையாது. போன வாரம் இருவருக்கும் உடம்பு முழுக்கப் பரிசோதனை நடந்தது. முடிவு வந்த அன்று அவரை உள்ளே தள்ளிவிட்டு, அவள் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பிரஷர் எகிறிக் கிடக்காம்” என்றார் அவர், வெளியே வந்து. “மாத்திரைக்கு முன்னாடி யோகா செஞ்சு பாக்கலாங்கறார். படபடப்பு அடங்கும், தூக்கம் வரும், பிரஷர் இறங்கும்னு சொன்னார்.”

தலையணையைப் பார்த்தாலே தூங்கிவிடுகிற மனுஷனுக்குப் பிரஷரா? எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே போட்டுப் புழுங்குகிறார் போலிருக்கிறது, இத்தனை வருஷம் கூட இருந்தும் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அழுதாள்.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். செல்போனில் யோகா வீடியோக்களைத் தேடி எடுத்து, கூடத்தில் பாய் விரித்தாள். முன்பின் தெரியாத இடத்தில் போய் அவர் எசகுபிசகாக வளைந்து முதுகு பிடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? முதலில் நான் செய்து பார்க்கிறேன் என்றாள். குப்புறப் படுத்து மார்பைத் தூக்கினாள். குனிந்து கால் விரலைத் தொட்டாள். எது இடுப்பைப் பிடிக்கிறது, எது முட்டியில் இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அவர் சோபாவில் இருந்தபடியே, புரியவில்லை, இன்னொரு தடவை செய்து காட்டு என்பார். செய்வாள். மூச்சை இழுத்து விடுகிற பயிற்சியில் அவர் ரொம்பவே மக்கு. தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே இழுத்து, கூடவே விடவேண்டியிருந்தது.

இதில் அவளுக்கு ஒரு புதுக் கவலையும் சேர்ந்துகொண்டது. ராத்திரியில் பல தடவை எழுந்து, அவருக்கு மூச்சு சீராக வருகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். இப்போதெல்லாம் கண் விழித்தால் விடிந்திருக்கிறது. பிரஷர்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிக் கட்டையாகத் தூங்குகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தனியாகப் போகமாட்டேன், நீயும் லீவு போட்டுவிட்டு வா என்று அவர் முரண்டு பிடித்திருந்தார். விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டுமாம். ஆகவே, ஏணி ஏறும்போது போட்டுக்கொள்கிற தொளதொள பேண்ட்டைப் போட்டுக்கொண்டாள். வகுப்புக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பட்டினி கிடக்கும்போது தனக்கு மட்டும் எப்படி இறங்கும் என்று அவளும் சாப்பிடவில்லை.

யோகா மையம் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. செருப்பை அலமாரியில் விட்டதும், வெறுங்காலால் தரையைத் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்த்தாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் நிமிர்வதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“இவருக்குப் பிரஷர் இருக்கும்மா. இடது முட்டியும் கொஞ்சம் வீக்கு. மெதுவாச் செய்ய வைக்கச் சொல்லு. தலைகீழா எல்லாம் வேணாம். நான் கதவு கிட்டயே உக்காந்துக்கறேன், ஏதாவதுன்னா ஓடி வந்துடுவேன்.”

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“சார், நீங்க ஒருத்தருக்குத்தானே போன்ல சொல்லி வெச்சீங்க? மேடத்துக்கு?”

அவள் திரும்பினாள். அவர் தன் தோளில் இருந்த பாயை இறக்கி அவள் கையில் கொடுத்தார்.

“டாக்டர் சொன்னது உன் பிரஷரைத்தான்” என்றார். “உனக்குன்னு சொல்லியிருந்தா, இந்தப் படி ஏறியிருப்பியா?”